சர்வதேச வர்த்தகச் சட்டத்தில் பேராசிரியராவது எப்படி? காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

காவேரிப்பட்டணத்துத் தந்தை ஒருவர் கேட்டிருக்கிறார். தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும் அவருடைய மகள் சர்வதேச வர்த்தகச் சட்டத்தில் பேராசிரியராக வேண்டும் என்கிறாள். உறவினர்களோ நீதிபதி தேர்வு எழுதச் சொல்கிறார்கள். அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா, எத்தனை ஆண்டு ஆகும், சம்பளம் என்ன, பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்ணுக்கு அது கைகூடுமா, வல்லரசுகள் நினைத்தபடி வரி போடும் காலத்தில் இந்தச் சட்டத்துக்கு என்ன மதிப்பு என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, நான் பிறந்தது போச்சம்பள்ளிப் பக்கம். இந்தப் பாடத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்து வருகிறேன். உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்காமல், இந்தத் துறை எதைப் பற்றியது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால், மகள் தெரிந்துதான் ஆசைப்படுகிறாளா என்பதை நீங்களே அவளிடம் பேசிக் கண்டுகொள்ளலாம்.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். கூடுகளைத் தட்டில் கொட்டி, ஒன்றிரண்டைக் காதருகே குலுக்கிப் பார்த்து ஏலம் கேட்பார்கள். அன்று காலை ஒரு கிலோ கூட்டுக்கு என்ன விலை விழும் என்பதை மல்பெரித் தோட்டத்து மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. சீனத்துக் கச்சாப் பட்டு எந்த விலையில், எவ்வளவு சுங்க வரி கட்டி உள்ளே வருகிறது என்பதும் தீர்மானிக்கிறது. 2003இல் மத்திய அரசு சீனப் பட்டின் மேல் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. சொந்த நாட்டில் விற்கும் விலைக்கும் குறைவாக ஒரு சரக்கை இன்னொரு நாட்டில் கொண்டுவந்து தள்ளும்போது, அங்குள்ள தொழில் நசிந்தால் விதிக்கும் வரி அது. 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் சாதாரண இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; 2013 பட்ஜெட்டில் அது மீண்டும் 15 சதவீதமாக உயர்ந்தது. உலக வர்த்தக அமைப்பில் ஒவ்வொரு நாடும் தான் ஒப்புக்கொண்ட சரக்குகளுக்கு, இதற்கு மேல் வரி போக மாட்டேன் என்று ஓர் உச்சவரம்பைப் பட்டியலில் எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் வரியை ஏற்றவும் இறக்கவும் தடையில்லை. வரம்பைத் தாண்டினோமா, குவிப்பு நடந்ததை முறைப்படி நிரூபித்தோமா என்று கேட்பது சட்டம். கூடு வளர்க்கும் பென்னாகரத்து விவசாயிக்கு விலை வேண்டும், அதே பட்டு நூலை வாங்கும் காஞ்சிபுரத்து நெசவாளருக்கு நூல் மலிவாக வேண்டும், இருவரில் யாருடைய பக்கம் எவ்வளவு சாய்வது என்று கேட்பது கொள்கை. எங்கள் பணியின் பெயரில் ‘சட்டமும் கொள்கையும்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான். ஒன்றை மட்டும் தெரிந்தவர் பாதி ஆசிரியர் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு முழு வாழ்க்கையையும் கொடுத்தவர்களில் ஒருவரைப் பற்றி உங்கள் மகள் அறிந்துகொள்ள வேண்டும். ஜான் ஜாக்சன் 1932இல் அமெரிக்காவில் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டம் கற்பித்தவர். அவர் தொடங்கிய காலத்தில் ‘காட்’ எனப்படும் வர்த்தக ஒப்பந்தத்தை ஒரு சட்டமாகவே பலர் கருதவில்லை. 1947இல் 23 நாடுகள் செய்துகொண்டது அது. அந்த 23இல் இந்தியாவும் ஒன்று. தகராறு வந்தால் தூதர்கள் கூடிப் பேசி முடித்துக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பிரிவையும் அதன் பேச்சுவார்த்தை ஆவணங்களோடு வைத்துப் படித்து, இது சட்டம்தான், இதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று காட்டும் பெரிய நூலை ஜாக்சன் 1969இல் வெளியிட்டார். இடையில் 1973, 1974 ஆண்டுகளில் அமெரிக்க அரசின் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தில் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்துவிட்டு மீண்டும் வகுப்பறைக்கே திரும்பினார். 1990இல், இந்த ஒப்பந்தத்தை நடத்த முறையான ஓர் உலக அமைப்பு வேண்டும் என்று சிறு நூல் ஒன்றில் முன்வைத்தார். ஐந்தே ஆண்டுகளில், 1995 ஜனவரி 1 அன்று, உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அவர் ஒருவரால் மட்டும் அது நடக்கவில்லை என்றாலும், அவருடைய எழுத்து இல்லாமல் அது அந்த வடிவில் வந்திருக்காது என்று இத்துறையில் பலரும் ஒப்புக்கொள்வார்கள். பிறகு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1998இல் சர்வதேசப் பொருளாதாரச் சட்டத்துக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார், 2015இல் மறைந்தார். கற்பித்தல், எழுதுதல், அரசுக்கு ஆலோசனை சொல்லுதல், மறுபடியும் வகுப்பு என்ற இந்தச் சுற்றுதான் இன்றும் எங்கள் எல்லோருடைய வேலை. அளவுதான் வேறு.

நம் நாட்டிலும் பெயர்கள் உண்டு. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கற்பித்த பி. எஸ். சிம்னி, சர்வதேசச் சட்டத்தை வளரும் நாடுகளின் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்று வாதிட்டு உலக அளவில் கவனிக்கப்பட்டவர். மத்திய வர்த்தகச் செயலராக இருந்த ஏ. வி. கணேசன் 2000 முதல் 2008 வரை, நாடுகளுக்கிடையிலான வர்த்தக வழக்குகளில் இறுதி முடிவு சொல்லும் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பில் உறுப்பினராக இருந்தார். அந்த அமைப்பில் மொத்தமே ஏழு இடங்கள்.

இனி வழி. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு முடிந்ததும் சட்ட முதுகலைப் படிப்பான எல்.எல்.எம். சேர வேண்டும். சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டப் பிரிவு இருக்கிறது. திருச்சி, பெங்களூரு போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் நுழைவுத் தேர்வு, அங்கே எல்.எல்.எம். ஓராண்டில் முடியும். உங்கள் வீட்டிலிருந்து பெங்களூரு இரண்டு மூன்று மணி நேரப் பயணம் என்பது சிறு வசதி இல்லை. எல்.எல்.எம்.மில் 55 சதவீதம் வாங்கி, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நெட் தேர்வைச் சட்டப் பாடத்தில் எழுதித் தேறினால் உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி கிடைக்கும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் ஐந்து சதவீதத் தளர்வு உண்டு. நெட்டில் உயர்ந்த மதிப்பெண் எடுப்பவர்களுக்கு இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைக்கும். 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டக் காலத்தில் பெண் உங்களிடம் பணம் கேட்காமல் படிக்க இது போதும் என்பதால், நெட் தேறினால் போதும் என்று நிறுத்தாமல் இந்த உதவித்தொகையைக் குறிவைக்கச் சொல்லுங்கள். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள். நடைமுறையில் நான்கைந்து ஆகிவிடும்.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. ஆனால் அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை, பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். பேராசிரியருக்கு 1,44,200 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி முதலியவை தனி. தனியார் கல்லூரிகளில் இதற்கு மிகக் குறைவாகவும் கொடுக்கிறார்கள் என்பதை மறைக்க மாட்டேன். நேரடியாகப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க, 2018 யு.ஜி.சி. விதிகளின்படி முனைவர் பட்டமும் பத்தாண்டு கற்பித்தல் அனுபவமும் தரமான ஆய்விதழ்களில் குறைந்தது பத்துக் கட்டுரைகளும் வேண்டும். இருபத்திரண்டு வயதில் தொடங்கும் பெண் நாற்பதை ஒட்டித்தான் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்ப்பாள். நீதிபதி தேர்வு இதைவிடக் குறுகிய வழி என்று உறவினர்கள் சொல்வது சரியே. குறுகிய வழி வேண்டுமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் வேறு வாசல்களும் திறக்கும். புது டெல்லியில் இந்திய அயல் வர்த்தக நிறுவனத்தில் உலக வர்த்தக அமைப்பு ஆய்வு மையம் 1999 முதல் இயங்குகிறது. வர்த்தக, முதலீட்டுச் சட்டத்துக்கென்று தனி மையம் 2016இல் அமைந்தது. பேச்சுவார்த்தைக்குப் போகும் அதிகாரிகளுக்குச் சட்டக் குறிப்பு எழுதித் தருவது அங்குள்ள இளம் ஆய்வாளர்களின் வேலை. அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு ஆசிரியராக வந்தவர்களின் வகுப்பே தனி; ஒரு பிரிவின் சொல் எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மாணவப் பருவத்திலேயே காந்திநகர் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் மாதிரி நீதிமன்றப் போட்டியில் கலந்துகொள்ளலாம். அதன் வழக்குகள் வர்த்தகச் சட்டத்திலிருந்துதான் வரும். வெளிநாடு போக வாய்த்தால் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உள்ள உலக வர்த்தக நிறுவனம் சட்டத்தையும் பொருளாதாரத்தையும் சேர்த்துக் கற்பிக்கிறது. வாய்க்காவிட்டாலும் இத்துறையில் ஒருவர் நிலைபெற முடியும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும், அது நெறியாளரைத் தேர்வது. என் முனைவர் பட்டக் காலத்தில் முதல் இரண்டு அத்தியாயங்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினான்கு மாதங்கள் காத்திருந்தேன். ஒவ்வொரு முறை போகும்போதும் மேசை மேல் அதே உறை, நான் கட்டிய அதே சணல் கயிறு அவிழாமல் இருக்கும். வர்த்தகச் சட்டம் அவருடைய துறையே இல்லை என்பதைச் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். நெறியாளரின் பட்டங்களை விசாரிப்பதைவிட, அவரிடம் முடித்த மாணவர்கள் இருவரைத் தேடிப் பிடித்து, கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திருத்தி வந்தது என்று கேட்பது மேல்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நானும் தமிழ் வழியில் படித்தவன். இந்தத் துறையின் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் இல்லை. சில நூறு சொற்களைக் கத்தி முனையில் வைத்துப் பார்க்கும் ஆங்கிலம். ‘ஒத்த சரக்கு’ என்ற ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதிச் சரக்கின் மேல், அதையொத்த உள்நாட்டுச் சரக்குக்குப் போடுவதைவிட அதிக உள்நாட்டு வரி போடக் கூடாது என்கிறது காட் ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு. ஒத்தது என்றால் எவ்வளவு ஒத்தது? ஜப்பான் தன் நாட்டு ஷோசு மதுவுக்குக் குறைந்த வரியும் வோட்காவுக்கு அதிக வரியும் விதித்திருந்தது. இரண்டும் ஒத்த சரக்கே என்று 1996இல் தீர்ப்பானது. இதை வகுப்பில் நடத்தும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன்: அல்போன்சா மாங்கூழும் பெங்களூரா மாங்கூழும் ஒத்த சரக்கா? பிற ஊர் மாணவர்கள் இரண்டும் மாங்கூழ்தானே என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஒருமுறை பர்கூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, பெங்களூராவின் இனிப்பு அளவு 14 பிரிக்ஸ் அளவில் நிற்கும், அல்போன்சா 16ஐத் தாண்டும், மணம் வேறு, நிறம் வேறு, விலை வேறு, பெங்களூராவைச் சாறு கம்பெனிக்காரர்கள் கலப்புக்கு வாங்குவார்கள், அல்போன்சாவைத் தனியாக விற்பார்கள் என்று நிறுத்தாமல் சொன்னாள். சரக்கின் இயல்பு, பயன்பாடு, வாங்குவோர் விருப்பம், சுங்க வகைப்பாடு என்று தீர்ப்புகள் பார்க்கும் நான்கு அளவுகோல்களில் மூன்றை, அவற்றின் பெயரே தெரியாமல் அவள் அடுக்கிவிட்டாள். அவளுடைய ஆங்கிலம் தடுமாறியது. வகுப்பில் அன்று சரியாகச் சிந்தித்தவள் அவள்தான். வாக்கியங்களை ஓராண்டில் திருத்திக்கொள்ளலாம். மண்டியிலும் கூழ் ஆலையிலும் பார்த்து வளர்ந்த அறிவை நூலகத்தில் உட்கார்ந்து பெற முடியாது.

நான்காவது அளவுகோலான வகைப்பாட்டை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். ஜூன், ஜூலை மாதங்களில் கூழ் ஆலைக்குப் போனால், கிருமி நீக்கிய பையில் நிரப்பி இரும்பு டிரம்மில் அடைத்த கூழ் வரிசையாக நிற்கும். ஒரு டிரம்மில் இருநூறு கிலோவுக்கு மேல். அதனுடன் போகும் ஏற்றுமதிக் காகிதங்களில், அது என்ன வகைச் சரக்கு என்று சுங்கத்துக்குக் காட்டும் எச்.எஸ். எண் என்று ஒன்று இருக்கும். 1988 முதல் நடைமுறையில் உள்ள இந்த எண் முறையில் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதற்கும் பொது. நம் நாட்டு அட்டவணை மாங்கூழை மாம்பழத்தோடு சேர்த்து 0804 என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. சூடேற்றிப் பதப்படுத்திய கூழ் பழம் இல்லை, தயாரிக்கப்பட்ட உணவு, ஆகவே அதன் இடம் 20ஆம் அத்தியாயம் என்று இறக்குமதி செய்யும் நாட்டின் சுங்க அதிகாரி சொல்லவும் இடமிருக்கிறது. தலைப்பு மாறினால் வரி மாறும், ஒப்பந்தச் சலுகை கிடைப்பதும் மாறும். என் முதல் ஆய்வுக் கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டதற்குக் காரணம் இதுவே: வரிச் சலுகையைப் பற்றி முப்பது பக்கம் எழுதியிருந்தேன், சரக்கு எந்த எண்ணில் வருகிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. திருப்பியவர் செய்தது நியாயம்.

கடைசியாக, இந்தச் சட்டத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்ற கேள்வி. நிலைமை மோசம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேல்முறையீட்டு அமைப்பில் ஒரு வழக்கை மூன்று பேர் கேட்க வேண்டும். புதிய நியமனங்களை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பரில் அந்த எண்ணிக்கையே இல்லாமல் போனது. அதன் பிறகு விசாரணைக் குழுவில் தோற்றவர்கள், கேட்க ஆளில்லாத அமைப்பில் மேல்முறையீடு செய்து தீர்ப்பைக் கிடப்பில் போட முடிகிறது. சர்க்கரை மானிய வழக்கில் 2021 டிசம்பரில் நமக்கு எதிராக வந்த அறிக்கையை இந்தியாவும் அப்படித்தான் செய்தது. நம் நாடு செய்தது என்பதற்காக அதை நான் நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது, உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் இறுதித் தீர்ப்புப் பெற வழியில்லாதது வலித்தது.

ஆனால் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்துடன் செய்த ஒப்பந்தம் 2022 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலிய ஒப்பந்தம் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தானது. ஒவ்வொன்றிலும் பல நூறு பக்கங்கள், ஒவ்வொன்றிலும் சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று நிரூபிக்கும் விதிகள் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, அலுமினியம் முதலியவற்றின் மேல், அவற்றைத் தயாரிக்கையில் வெளியாகும் கரிமத்தைக் கணக்கிட்டுக் கொண்டுவந்துள்ள கரிம எல்லை வரி, ஓசூரிலிருந்து உதிரிபாகம் அனுப்புகிறவர்களையும் இன்றோ நாளையோ தொடும். 2014 மே மாதம் பழ ஈயைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தைத் தடுத்து, நாம் பதப்படுத்தும் முறைகளைச் சீராக்கிய பின் 2015 தொடக்கத்தில் திறந்தது நினைவிருக்கும். அதுபோன்ற தடை வரும்போது, அதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா, வேறு நாட்டுப் பழத்துக்கும் அதே அளவுகோலா என்று கேட்கும் உரிமை உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்த ஆட்கள் டெல்லியில் சிலர் இருக்கிறார்கள். மாங்காய் விளையும் மாவட்டங்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. உங்கள் மகள் இதைப் படிக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதல் காரணம் இது.

இப்போதே தொடங்க அவளுக்குப் பணம் வேண்டாம். உலக வர்த்தக அமைப்பின் அறிக்கைகள் எல்லாம் இணையத்தில் இலவசம். படுக்கை விரிப்பு வழக்கு என்று நாங்கள் சொல்லும் 141ஆம் எண் வழக்கின் மேல்முறையீட்டு அறிக்கையை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். 2001இல் இந்தியா ஐரோப்பாவை வென்றது அதில். ஒரு ரகம் உள்நாட்டில் 100 ரூபாய்க்கும் ஏற்றுமதியில் 90க்கும் விற்கிறது, இன்னொரு ரகம் உள்நாட்டில் 100க்கும் ஏற்றுமதியில் 110க்கும் விற்கிறது என்று வைத்துக்கொண்டால், சேர்த்துப் பார்க்கையில் குவிப்பே இல்லை. ஐரோப்பிய அதிகாரிகள் இரண்டாவது ரகத்தின் வித்தியாசத்தைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு முதல் ரகத்தை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். அந்தக் கணக்கு குவிப்புத் தடுப்பு ஒப்பந்தத்தின் எந்தச் சொல்லோடு மோதுகிறது என்பதை அவள் அறிக்கையில் தானே கண்டுபிடித்து, இரண்டு பக்கம் தமிழிலும் பிறகு அதையே ஆங்கிலத்திலும் எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். பதினான்கு மாதம் ஆகாது, பதினைந்து நாள் போதும்.